ஷாஃப்ட் நழுவிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு ஷாஃப்ட் நழுவியது.

தடா பக்கம், பழவேற்காடு ஏரிக்கரையில், என் மகளின் படகுக்குள் நாங்கள் இருவர்தான். ஸ்ரீசிட்டி தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, தீவுப் பள்ளிக்குப் போகும் ஆசிரியைகளை ஏற்றிச்செல்ல அவள் வாங்கிய பழைய படகு அது. கியர்பாக்ஸையும், படகைத் தள்ளும் விசிறியின் தண்டான ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங் தேய்ந்துபோய், ஓட்டும்போது தரைப்பலகை அதிர்ந்தது. புதியது வாங்கியாயிற்று. உதவிக்கு என்று சொல்லிக்கொண்டு திருப்பதியிலிருந்து முதல் நாளே வந்துவிட்டேன். உண்மையில் பயம்.

போல்ட்டுகள் சுலபமாகக் கழன்றன. துருப்பிடித்த கப்ளிங்தான் ஷாஃப்டை விடவில்லை. ஷாஃப்ட் பின்னால் போய்விடாதபடி அவள் கயிறு கட்டியிருந்தாள். போனாலும் சுக்கான் தடுக்கும் என்றாள். சுத்தியலின் கடைசி அடியில் கப்ளிங் அவள் கையோடு வந்தது. கிரீஸில் கயிறு வழுக்கியது. சுக்கானோ ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. ஷாஃப்ட் இருந்த இடத்தில் ஒரு துளையும், அதன் வழியே என் முகத்துக்கு நேராக ஏரியும்.

துண்டைச் சுருட்டித் துளையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன்.

“கைய எடுக்காத நைனா. நான் வெளியலேர்ந்து தட்டுவேன், அப்ப எடு,” என்று சொல்லிவிட்டுக் குதித்தாள்.

மார்பளவுத் தண்ணீர்தான். ஆனால் ஷாஃப்ட் கிடந்தது படகின் அடியில், சேற்றில். மூழ்கித்தான் எடுக்க வேண்டும். எழுந்து எட்டிப்பார்க்கக்கூட என்னால் முடியாது; கையை எடுத்தால் படகு மூழ்கிவிடும். ஒருமுறை அவள் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஜெபிக்க முயன்றேன், பாதி வசனத்துக்குமேல் வரவில்லை. படகு போனால் போகட்டும் என்று நான் எழப்போன நேரம், அடியில் டொக்கென்று ஓசை.

துண்டை உருவினேன். பாய்ந்த தண்ணீருக்குள்ளிருந்து ஷாஃப்டின் முனை வந்து என் உள்ளங்கையை இடித்தது. மறுமுனையை அவள் தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன்.

தலையெல்லாம் சேறாக ஏறி வந்து, மறுபடி நழுவாதபடி ஷாஃப்டில் கிளாம்ப் போட்டு இறுக்கினாள். நான் விடவில்லை.

“வுடு நைனா. வூட்டுக்கு எடுத்துக்கினு போப்போறியா இன்னா?”

தண்ணீரை இறைத்தோம். புதிய கப்ளிங்கை ஏற்றினாள். அதன் முகமும் கியர்பாக்ஸின் முகமும் சரியாகச் சேர்கின்றனவா என்று காகிதம் போன்ற தகட்டைச் சுற்றிலும் நுழைத்துப் பார்த்தாள். கீழ்ப்பக்கம் இடைவெளி இருந்தது. எஞ்சினைச் சற்றே உயர்த்தி, மறுபடி பார்த்தாள். மறுபடியும். அவளிடம் அவசரமே இல்லை. பார்த்துக்கொண்டிருந்ததில் என் மூச்சும் சீரானது. எஞ்சின் ஓடியபோது தரைப்பலகையில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்வில்லை. நாளைக் காலை ஆசிரியைகள் வரலாம்.

திருப்பதியில் சர்ச் ஆராதனை முடித்து, பஸ் பிடித்து, என் மனைவி சாப்பாட்டுப் பையோடு கரைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நடந்ததை மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மனைவி அவள் தலையில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தாள். பிறகு, தட்டோடு ஆடிக்கொண்டிருந்த என் கையை.

“தண்ணிக்குள்ள போய்ட்டு வந்தவ சிரிச்சிக்கினு கீறா. உள்ள குந்திக்கினு இருந்த நீங்க ஏன் நடுங்கறீங்க?” என்றாள்.