ரப்பர் தேய்த்த இடம்

ப்ளஸ் ஒன் விண்ணப்பத்தில் மகள் பென்சிலால் 'பயோ மேத்ஸ்' என்று எழுதி அழித்தாள். 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்று எழுதி, அதையும் அழித்தாள். சூடான ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது.

நான் பத்தாவது முடித்த வருஷம், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மேசையிலும் இதே வாசனைதான். அப்பா டிபன் பாக்ஸைக்கூடக் கீழே வைக்காமல் என் விண்ணப்பத்தை எடுப்பார். அன்றைக்கு மின்சார ரயிலில் கூட வந்தவர்கள் என்ன சொன்னார்களோ, அதுதான் என் குரூப். "டாக்டர், இன்ஜினீயர் ரெண்டுக்கும் வழி இருக்கணும்" என்று பயோ மேத்ஸ் எழுதிவிட்டுக் குளிக்கப் போவார். அம்மா உடனே அழித்துவிட்டு, குளியலறைக் கதவைப் பார்த்துக் கத்துவாள்: "தவளையப் பாத்தாலே ஓடுறா, இவ எப்படிங்க அறுப்பா?" என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

கடைசி நாளில் அந்த இடத்தில் காகிதம் ஓட்டையாகியிருந்தது. பள்ளி கிளார்க் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "கம்ப்யூட்டர்லதான் சார் சீட் இருக்கு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் அவரே எழுதிக்கொண்டார். அப்படித்தான் இன்று நாவலூர் ஐ.டி. கம்பெனியில் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்.

"நீ எப்படிம்மா முடிவு பண்ணே?" என்றாள் மகள்.

விண்ணப்பத்தை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்னும் ஓட்டை விழவில்லை.