கம்பியில் காய்ந்த பதினொரு ஜேர்சி

கிட்ட வந்து உட்காருங்க. கால்பந்து கிளப்புல சப்பாத்து துடைச்சு, ஜேர்சி கழுவுறவனுக்கு ஜெயிச்சா பேரு கிடையாது. தோத்தா மட்டும் எல்லாக் கண்ணும் அவன் மேலதான். அடுத்தவங்களுக்கு வேலை செஞ்சு பேச்சு வாங்கினவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டப் பக்கம், சம்பளத்துக்கு விளையாடுற எங்க கிளப்புல ஆறு கோச்சைப் பார்த்துட்டேன். ஆறாவது ஆளு, கொழும்பிலேருந்து வந்த ரியாஸ் சேர்.

வாய் திறக்காத மனுசன்

முன்ன இருந்தவங்க எல்லாம் கத்துவாங்க. இவரு மூணு நாளா மைதானத்து ஓரத்துல நின்னு, யாரு எப்ப வாறான், யாரு யாரோட பேசுறான்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு. கேப்டன் செல்வம் என் காதுல சொன்னான்: "அண்ணே, இவரு கோச்சா, இல்ல காலையில தோட்டத்துப் பெரட்டுல வேலையாள் எண்ண வந்த கண்டாக்கா?"

பதினேழாம் நம்பர்

கீழ்டவுன் டீமோட மேட்ச். அதுவரைக்கும் இறங்காத பதினேழாம் நம்பர் பையனை சேர் திடீர்னு இறக்கினாரு. விசில் ஊதுமுன்னயே அவனுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டாங்க. தோத்தோம்.

பனியில துணி காய ரெண்டு நாளாகும். அதனால சனிக்கிழமை விளையாடுற பதினொரு பேர் லிஸ்டை வியாழக்கிழமையே சேர் என்கிட்ட தந்திருவாரு. அந்தப் பதினொண்ணை மட்டும் முதல்ல கழுவிப் போடுவேன். வருசக் கடைசியில கீழ்டவுனோட மறு மேட்ச். அதுலயும் தோத்தா கிளப்பை மூடிருவாங்க, பசங்க மலைக்குத் திரும்பித் தேயிலைக் கவ்வாத்து வெட்டணும். கிளப் தலைவர் உடுப்பு மாத்துற ரூமுக்கே வந்துட்டாரு: "நம்ம லிஸ்ட் முன்கூட்டியே கீழ்டவுனுக்குப் போகுது. அது தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. ஒண்ணு சேரு. இன்னொண்ணு நீங்க, முத்தையா."

வளைவுல பஸ்

சத்தியமா எனக்கு சேர் மேலதான் சந்தேகம். எந்நேரமும் போனும் கையுமா இருந்தாரே! கடைசி மேட்சுக்கு முந்தின வாரம் எங்க லயத்துக்கே வந்து, ரோட்டோரம் நான் துணி போட்ட கம்பிகிட்ட நின்னாரு. யாருக்கோ காத்திருக்காருன்னு நினைச்சேன்.

பஸ் வந்து வளைவுல மெதுவாச்சு. ஜன்னலோரம் கீழ்டவுன் டீமோட உதவிக் கோச்! கம்பியில இருந்த நம்பரையெல்லாம் ஒவ்வொண்ணா விரல் விட்டு எண்ணிக்கிட்டே போனான்.

காட்டிக் கொடுத்தது நான்தான்.

"நம்பர் ரோட்டுக்குத் தெரியவா போடுவீங்க?"

"வெயில் அந்தப் பக்கந்தானே சேர்."

அவரு சிரிக்கல. "முத்தையா அண்ணே, யாருக்கும் சொல்ல வேணாம். இப்பிடியே போடுங்க."

சேர் போட்ட துணி

கடைசி வியாழக்கிழமை லிஸ்ட் வரல. சேரே வந்து சட்டைக் கையை மடிச்சுக்கிட்டுத் துணி போட்டாரு. எல்லாம் பெஞ்சுல உட்கார்ற பசங்களோடது! நிசமா விளையாடுற ஜேர்சியை தேயிலை பெக்டரியில கொழுந்து காய வைக்கிற மாடியில ஒளிச்சுக் காய வச்சேன். சனிக்கிழமை கீழ்டவுன்காரங்க ஆளைத் தேடி முடிக்கிறதுக்குள்ள செல்வம் கோல் போட்டுட்டான். ஒண்ணுக்கு சைபர். தலைவர் ஓடிவந்து எப்படி ஜெயிச்சீங்கன்னு கேட்டாரு. சேர் சொன்னாரு: "அண்ணன் நல்லாக் கழுவினாரு."

நல்ல கோச்சுக்கு என்ன வேணும்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: அடுத்த வருசம் கீழ்டவுனுக்கே கோச்சாப் போன ரியாஸ் சேர், முதல் வியாழக்கிழமையே அதே பஸ்ஸுல ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கையால எனக்கு டாட்டா காட்டி, மறு கையால என் கம்பியை எண்ணிக்கிட்டே போனாரு.