பெரியப்பா மாற்றிய பெல்ட்

பெரியப்பா எதைக் கொடுத்தாலும் அம்மா அதை ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுத்துவைப்பாள். அவர் கொடுத்த மிக்சி வந்த இரண்டாம் மாதம் புகைந்தது. ஃபிரிட்ஜ் ஸ்ரீரங்கத்திலிருந்து காட்டூருக்கு வருவதற்குள் குளிர்விப்பதையே மறந்துவிட்டது. ஒரு பொருள் எப்போது படுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு பெரியப்பா அதைத் தம்பி தலையில் கட்டிவிடுகிறார் என்பது அம்மாவின் கட்சி. அதனால் அவர் புது வண்டி வாங்கிக்கொண்டு பழைய காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, அப்பா எலுமிச்சம்பழம் தேடி ஓட, அம்மா காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் அப்போது நான்காம் வகுப்பு.

"டைமிங் பெல்ட்டெல்லாம் போன மாசம்தான் மாத்துனேன். நீ அதுல கையே வைக்க வேணாம்," என்றார் பெரியப்பா.

அப்படி ஒன்றை மாற்றினாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னதுதான் அம்மாவுக்கு உறுத்தியது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் தன்னோடு வேலை பார்க்கும் டீச்சரிடம் விசாரித்துக்கொண்டு வந்தாள். என்ஜினுக்குள் பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று ஓடுகிறதாம். இத்தனை தூரம், அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது அதை மாற்றிவிட வேண்டுமாம். மாற்றாவிட்டால் ஒருநாள் ஓடும்போதே அறுந்து, என்ஜினும் போய், வண்டி நடுரோட்டில் நின்றுவிடுமாம்.

"அண்ணன்தான் மாத்திட்டேன்னு சொல்றாரே," என்றார் அப்பா.

"சொல்றாரு," என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லுக்குள் மிக்சியும் ஃபிரிட்ஜும் இருந்தன.

அந்தச் சனிக்கிழமை அப்பா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு திருவெறும்பூர் பக்கம் ஒரு ஷெட்டுக்குப் போனார். வாட்டர் வாஷ் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். ஆனால் அங்கே யாரும் தண்ணீர் அடிக்கவில்லை. மெக்கானிக் என்ஜின் ஓரத்திலிருந்த மூடியைக் கழற்றி, கறுப்பாக ஒரு பெல்ட்டை வெளியே எடுத்தார். அதை வளைத்துக் காட்டியபோது பல்லுக்குப் பல் விரிசல் விட்டிருந்தது. கார் கம்பெனியின் முத்திரைகூட அதன் முதுகில் அப்படியே இருந்தது.

"இது வண்டியோட பொறந்த பெல்ட்டுங்க. ஒருதடவைகூட மாத்துனதில்ல," என்றார் மெக்கானிக்.

அப்பா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மறந்திருப்பாரு," என்றார் கடைசியில். புது பெல்ட் மாட்டி முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். "வாட்டர் வாஷ்தான், என்ன பாப்பா?" என்றார். நானும் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் அப்பா காலை ஷிப்டுக்குப் போயிருந்தபோது அம்மா கார் சாவியை எடுத்தாள். லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாளே தவிர, அதுவரை அம்மா தனியாகக் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. தஞ்சாவூர் ரோட்டில் பஸ்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டே, அந்த டீச்சர் சொன்ன வேறொரு ஒர்க் ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேயும் அதே மூடியைக் கழற்றினார்கள்.

"புத்தம் புதுசா இருக்கேம்மா. மாத்தி ஒரு மாசம்கூட ஆகியிருக்காது. யார் சொன்னா உங்களுக்கு, பழசுன்னு?"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ வாய் துறுதுறுவென்று வந்தது. ஆனால் ஐஸ்கிரீம் சாப்பிட்டாகிவிட்டது. பாவம் அவர், நான்தான் தப்பா நெனச்சுட்டேன் என்று வரும் வழியில் அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அப்பாகிட்ட சொல்லிடாத," என்றாள். அதற்கும் தலையாட்டினேன்.

கோடை விடுமுறையில் இரண்டு குடும்பமும் கொல்லிமலைக்குப் போவதாக ஏற்பாடு. விடிந்ததும் ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டோம். பெரியம்மா காபி கொடுத்தாள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கிப் பெரியப்பாவைப் பார்த்து, "நீங்க பெல்ட் மாத்திக் கொடுத்தது ரொம்ப உபகாரம். மலையேறப் போறோம், அந்த பயமே இல்ல பாருங்க," என்றாள்.

மனதாரச் சொன்னாள். பெரியப்பாவின் காபி பாதி வழியில் நின்றது. அவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "அதுக்கென்னம்மா, நம்ம வண்டிதானே," என்று பெரியப்பா முனகினார்.

கிளம்பும் நேரத்தில் அவர் திடீரென்று புது வண்டியின் சாவியை அப்பாவிடம் நீட்டினார். "நீ இதை ஓட்டிட்டு வா. எல்லாரும் இதுலயே ஏறுங்க. பழசை நான் ஓட்டிட்டு வரேன்."

பெரியப்பா மகன் அவரோடு வருகிறேன் என்று பழைய காரின் கதவைத் திறந்தான். அவர் அவனை அதட்டி இறக்கிவிட்டார். பைகளை மட்டும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். அம்மாவின் பழைய சந்தேகம் உடனே விழித்துக்கொண்டது. "புது வண்டியில என்ன கோளாறோ, நம்மளை ஏத்திவிட்டுட்டாரு," என்று என் காதில் சொன்னாள்.

தொட்டியம் வாழைத்தோப்புகளைத் தாண்டும்வரை அவர் எங்கள் பின்னாலேயே ஒழுங்காக வந்தார். மலையடிவாரத்திலிருந்துதான் விநோதமாக இருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவருடைய கார் நடைவண்டிபோல ஊர்ந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். அப்பா ஒவ்வொரு வளைவிலும் அவருக்காக நின்றார். கண்ணாடியில் அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. அம்மா திரும்பியதும் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது நல்ல குளிர். பெரியப்பாவின் சட்டையோ முதுகோடு ஒட்டிக்கொண்டு நனைந்திருந்தது. அப்பா டீ வாங்கிக்கொண்டு அவரிடம் போனார். கொடுத்துவிட்டு, குனிந்து காதில் ஏதோ சொன்னார்.

பெரியப்பா அவரையே பார்த்தார். அடிக்கப்போவதுபோலக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்பாவின் தோளில் விழுந்து அங்கேயே இருந்துவிட்டது.

"என்னத்தைப் பேசிக்கிறாங்க? போய்க் கேட்டுட்டு வா," என்று அம்மா என்னை அனுப்பினாள். நான் கிட்டப் போனதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்து, குளிருதாம் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை.

நன்றி சொன்னபோது பெரியப்பா வாங்கிக்கொண்டாரே, அப்படியானால் பெல்ட் புதியது என்று அவருக்குத் தெரிந்திருக்கத்தானே வேண்டும் என்பது என் கணக்கு. புது பெல்ட் போட்ட காரை ஓட்ட ஒருவர் ஏன் அவ்வளவு பயப்பட வேண்டும், அதைப் பார்த்துக்கொண்டே வந்த அப்பா அடிவாரத்திலேயே ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை என்று அன்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் புரியவில்லை.