வாசலில் கழற்றிய சட்டை

ஆம்பூர் தோல் ஆலை ஒன்றில் நான் மேஸ்திரியாக இருந்தேன். வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் பார்வையிட வந்த அன்று மட்டும் கூலியாட்களுக்குக் காக்கிச் சட்டை கொடுத்தோம். அவர் கிளம்பியதும், ஆலை வாசலில் நின்று "சட்டையைக் கழட்டுங்க" என்று கத்தினேன்.

சுண்ணாம்புத் தொட்டியில் வெறும் உடம்போடு வேலை செய்யும் முனியன் தயங்கினார்.

"மாதனூர்லேர்ந்து புது மருமகப்புள்ள வந்து வாசல்ல நிக்கிறாருங்க. வூடு வரிக்கும் போட்டுக்கினு போறேன். காலைல குடுத்துர்றேன்."

"இப்பவே கழட்டு" என்றேன்.

கழற்றி, மடித்து, என் கையில் வைத்தார். மருமகன் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அந்தச் சட்டையை முனியனிடமே நீட்டினேன்.

"இனிமே எதுக்குங்க? அவருதான் பாத்துட்டாரே" என்று சொல்லிவிட்டு, தொட்டியில் இறங்கினார்.

கோபமாகத் திட்டியிருந்தால்கூட நான் மறந்திருப்பேன்.