பதினோரு பழங்களும் ஒரு மானும்

செவ்வாய்க்கிழமை காலை டீம் மீட்டிங்கின் நடுவில் மல்லிகா அண்ணி போன் செய்தார். தண்டபாணி அண்ணனுக்கு மாரடைப்பு, ஆள் போய்விட்டார் என்றார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே மூன்று முறை எழுந்துவிட்டேன்.

மான்மவுத் ஜங்ஷன் நண்பர்களே, அண்ணன் வீட்டுக் கொல்லையில் நாமெல்லாம் சேர்ந்து கம்பிவேலி போட்டது நினைவிருக்கும். அவருடைய ஆப்பிள் மரம் முதன்முதலாகக் காய்த்த பதினோரு பழங்களையும் மான் தின்றுவிட்டதாக அவர்தான் சொன்னார். அந்த மான் நான்தான்.

அது பழைய ரகம். தோல் பழுப்பாய், சொரசொரப்பாய் இருக்கும். ஏதோ பண்ணையில் ஒரு துண்டு தின்றுவிட்டு, கன்று வாங்கி நட்டு, ஆறு வருஷம் அதோடு மல்லுக்கட்டினார். காய்த்த வருஷம் பார்த்து அவசரமாக இந்தியாவுக்கு, கோயம்புத்தூர் போகவேண்டி வந்தது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எனக்கு. சப்போட்டா மாதிரி இருந்த பழங்களைப் பார்த்து நோய் என்று முடிவுகட்டினேன். யாரையும் கேட்கவில்லை, எனக்கு எப்போதும் கைதான் முந்தும். அத்தனையையும் பறித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "மரத்தைக் காப்பாத்திட்டேன் அண்ணா" என்று வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். அரை நாள் கழித்துப் பதில் வந்தது: "சரி தம்பி. தண்ணி மறந்துராத."

திரும்பி வந்த பிறகுதான் சொன்னார்: "அதோட தோலே அப்படித்தான் தம்பி. போச்சாது விடு." அவருக்குக் கிரீன் கார்டு இழுத்தடித்தபோதும் இதே "போச்சாது"தான், உங்களுக்கே தெரியும். அந்தச் சனிக்கிழமை, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் நம் பாட்லக் விருந்தில் யாரோ ஆப்பிள் எங்கே என்று கேட்க, என் பக்கம் திரும்பாமலே மான் மேல் பழியைப் போட்டார். நீங்கள் வேலி போட வந்தீர்கள். நானும் வெட்கமில்லாமல் கம்பம் பிடித்தேன். போன வருஷம் மரம் காய்க்கவே இல்லை.

பதினாறாம் நாள் அவர் படத்தின் முன்னால் கடையில் வாங்கிய பளபள ஆப்பிள்களை வைத்தார்கள். எனக்குத் தாங்கவில்லை, எழுந்து கொல்லைக்குப் போனேன். பின்னாலேயே வந்த அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியுமுங்க தம்பி. போட்டோ அனுப்புற மானை இப்பத்தான் பாக்கறேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு," என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலிக்குள் இந்த வருஷம் ஒன்பது பழங்கள். பறிக்க இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். தினமும் ஆபீஸ் விட்டதும் நேராக அங்கேதான் போகிறேன். கை பரபரக்கிறது, பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிறேன். முதல் பழம் அவர் படத்துக்கு. என்னிடம் இருப்பது அந்த ஒரு வரி மெசேஜ்தான். அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

தண்ணி மறக்கல, அண்ணா.