சரணத்தில் இருந்த பெரியப்பா

மின்சார ரயிலின் ஜன்னல் கம்பியில் மோதிரம் படுகிற "டக்... டக்" சத்தம்தான் எனக்குப் பெரியப்பா. கச்சேரி கேட்க என்னை அழைத்துப் போகும்போதெல்லாம், தாம்பரத்தில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மாம்பலம் வரை கம்பியில் தாளம் தட்டியபடி ஏதோ முனகிக்கொண்டே வருவார். எதிர் சீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

அப்பாவின் அண்ணன், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பாரிமுனையில் குமாஸ்தா, சிட்லபாக்கத்தில் எங்களோடுதான் இருந்தார். சனிக்கிழமைகளில் சைக்கிளில் போய்த் திருநீர்மலைப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, ஆபீஸ் காகிதங்களின் பின்பக்கத்தில் "சாகித்தியம்" எழுதுவார். "பாட்டு கட்டுறாராம் பாட்டு! குழம்புல உப்பு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியாத மனுஷன்" என்பாள் அம்மா. ஒவ்வொரு பாட்டிலும் சரணத்தின் கடைசி வரியில் "நீர்மலை தாசன்" என்று வரும். "இதுக்குப் பேரு முத்திரை. பாட்டு எங்க போனாலும் கட்டினவன் கூடவே போவான்" என்பார். நாற்பது பாட்டுக்கு மேல் இருந்தன. பாட ஆள்தான் இல்லை.

எனக்கு ஒன்பது வயதில், ராஜகீழ்ப்பாக்கத்தில் நடந்த ஒரு பாட்டுப் போட்டியில் அவர் கட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த சஹானா ராகப் பாட்டைப் பாடினேன். "மணி அடிச்சிடுவாங்க, பல்லவி அனுபல்லவியோட நிறுத்திடு" என்று பாட்டு டீச்சர் சொல்லியிருந்தார், நிறுத்திவிட்டேன். கைதட்டல் அடங்கியதும், நடுவராக இருந்த அம்மாள் "பிரமாதம்! யாரோட பாட்டும்மா?" என்று கேட்டார். மூன்றாவது வரிசையில் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அந்த ரயில் சிரிப்பு ஞாபகம் வந்தது. "தெரியாது மேடம், பழைய பாட்டு" என்றேன்.

எவ்வளவு பெரிய பாவம்! அந்த அம்மாள் இன்னும் இரண்டு முறை பாடச் சொல்லி, குறித்துக்கொண்டு போனார். திரும்பும்போது பெரியப்பா சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். வெகு தூரம் வந்தபின், "நல்லா பாடினே. நான் சரணத்துலதாம்மா இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னைப் பாடச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் போன பிறகு ஒரு மழையில் ஏரி நிரம்பி வீட்டுக்குள் வந்தபோது, கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் காகிதமெல்லாம் கூழாகிவிட்டது.

போன மாதம் எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டுப் பாட்டு வகுப்பிலிருந்து அதே சஹானா இறங்கி வந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"இது டிரெடிஷனல் ஆன்ட்டி. யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது. எங்க டீச்சருக்கு அவங்க டீச்சர் சொல்லிக் கொடுத்தது" என்றாள் சொல்லிக்கொடுக்கிற பெண்.

"எங்க பெரியப்பா கட்டினதும்மா. சரணம் இருக்கு, அதுல அவர் பேர் வரும்."

அவள் முகம் மலர்ந்தது. "அய்யோ, பாடுங்க ஆன்ட்டி, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" என்று போனை நீட்டினாள்.

வாயைத் திறந்தேன். மெட்டு வந்தது, வார்த்தை வரவில்லை. "நீர்மலை தாசன்" மட்டும் வந்தது, முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல். மறுபடி முயன்றேன். பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்ல ஆன்ட்டி, ஞாபகம் வந்தா சொல்லுங்க" என்று போனை அணைத்துவிட்டு அவள் தாளத்தைத் தொடங்கினாள். பிள்ளைகள் பல்லவி பாடினார்கள், அனுபல்லவி பாடினார்கள். அன்று நான் நிறுத்திய அதே இடத்தில், அதேபோல நிறுத்தினார்கள்.