சிவப்பு நூல் கட்டிய ஊசி

"நம்ம நூல் அண்ணாச்சி போயிட்டாக வே. ராத்திரி படுத்தவுக எந்திரிக்கல" என்று விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பிச்சுமணி போனில் சொன்னபோது, கடையில் ஒரு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அழுகை முட்டியது. கூடவே ஒரு நிம்மதி. தொண்ணூறுகளில் எங்கள் கூட்டத்தில் யாருக்கும் தூக்கத்தில் சாகும் கொடுப்பினை வாய்க்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

நூல் அண்ணாச்சி என்ற பெயர் எப்படி வந்தது என்று சிலருக்குத் தெரியாது. மில்லில் வேலை பார்த்த அவர், பிச்சுமணி, நான், செத்துப்போன ஐயப்பன், நால்வரும் ஆற்றங்கரை மண்டபத்தில் போதை ஊசி போட்டுக்கொள்வோம். ஊசி ஒன்றுதான். எச்சில் பார்க்காதவன்தானே சிநேகிதன்? ஊசிக்கும் அதே நியாயம் பேசினோம். தாமிரபரணியில் அலசினால் சகலமும் சுத்தம் என்று வேறு நம்பினோம். பாவத்தையே கழுவுகிற ஆறு ஆயிற்றே!

ஊசியால் எய்ட்ஸ் தொற்றும் என்று பாளையங்கோட்டையில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்த அண்ணாச்சி, ஆளுக்கொரு ஊசி வாங்கி, ஆளுக்கொரு நிறத்தில் மில் நூல் கட்டினார். அவருக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை. "சோத்த ஒண்ணாத் திங்கலாம்லே, ரத்தத்தத் திங்கப்படாது."

நாங்களும் ஒழுங்காக அவரவர் ஊசியைப் போட்டுக்கொண்டு, மூவருமாக ஒரே தம்ளர் தண்ணீரில் அலசினோம்! பிந்தி வந்த அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "கூறுகெட்ட பயலுவளா! நூலு வேற, தண்ணி ஒண்ணா?" அன்று முதல் தம்ளர்களுக்கும் நூல் கட்டினார்.

ஒரு மத்தியானம் என் ஊசி உடைந்துவிட்டது. போதை ஏறாமல் உடம்பு முறுக்கி வலிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது. அண்ணாச்சியின் ஊசியைக் கேட்டேன். தரமாட்டேன் என்றார். "கூடப் பழகுனவனுக்குத் தராத நீரு மனுசனா வே?" என்று தொடங்கி, இங்கே எழுத முடியாத வார்த்தைகள் வரை திட்டினேன். அவர் சிவப்பு நூல் ஊசியைக் கல்லில் வைத்து நசுக்கினார். அவரும் அன்று ஊசி போட்டிருக்கவில்லை.

"எனக்கு அது இருக்குலே. டெஸ்டுல சொல்லிட்டாக. ஒனக்கு வேண்டாம்."

இருவரும் நடுங்கிக்கொண்டு அங்கேயே கிடந்தோம். அதற்குப் பிறகுதான் போதையை விடச் சிகிச்சைக்குப் போனோம். என் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தபோது என்னைவிட அவர்தான் துள்ளினார். பஸ் ஸ்டாண்டில் கண்டவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். காரணம் கேட்டவர்களிடம், "பய பாஸாயிட்டான் வே" என்றார். பிற்பாடு பெரியாஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கிடைக்க, அவரும் தெம்பாக நடமாடினார்.

என் மகள் கல்யாணத்துக்கு மறுநாள், எங்கள் ஊர் வழக்கப்படி தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிச் சாப்பாடு. பந்தியில் என்னை இழுத்து உட்காரவைத்து, "ஒரே எலையில திம்போமாலே?" என்று கண்ணடித்தார். தின்றோம். என் மனைவி முறைத்தாள், மகள் சிரித்தாள்.

அவர் கொடுத்ததைச் சொல்ல ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது அவருடைய "தரமாட்டேன்" ஒன்றுதான். என் மகளுக்கு அப்பன் இருப்பது அதனால்தான்.